வீடு யாருக்கு, வேலை எதற்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, தம்பிலுவில் என்று ஊர் ஊராகப் போய்த் தொழில் வழிகாட்டல் வகுப்பு எடுப்பது என் வேலை. சுயவிபரக்கோவை எழுதுவது எப்படி, நேர்முகப் பரீட்சையில் கதிரையில் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பேன். அதைப் பற்றி ஒரு பிள்ளையும் கேள்வி கேட்பதில்லை. வகுப்பு முடிந்து நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பதெல்லாம் வேறு. அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்கள் பெரும்பாலும் 19 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். சிலவற்றை அவர்களின் தாய்மார் கேட்டார்கள். ஒன்றை யாழ்ப்பாணத்துச் சிநேகிதி கேட்டாள்.

எங்கட பக்கம் வீடு ஏன் எப்பவும் பொம்பிளப் பிள்ளைக்கே போகுது?

குடிதான் காரணம். குடி என்றால் ஒரே வழியில் வந்த சொந்தக்காரரின் கூட்டம். வாகரை தொடங்கிப் பொத்துவில் வரைக்கும் தமிழருக்கும் சரி முஸ்லிம்களுக்கும் சரி, குடி தாய் வழியாகத்தான் வருகிறது. தாய் என்ன குடியோ பிள்ளையும் அந்தக் குடி. கலியாணம் முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது மாப்பிள்ளை. பெண் பிறந்த இடத்திலேயே இருப்பாள். வருகிற மாப்பிள்ளைக்கு இருக்க ஒரு கூரை வேண்டும் அல்லவா? அந்தக் கூரைதான் சீதன வீடு.

முந்தி இங்கே முக்குவர் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி முதுசம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. தாய்மாமனிடமிருந்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொதுச் சட்டம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, பழைய சட்டம் வழக்கொழிந்தது. மாமன் முதுசம் போயிற்று. மகளுக்கு வீடு என்பது மட்டும் சீதனத்துக்குள் புகுந்து முன்னையைவிட இறுகிக்கொண்டது.

நடைமுறையில் பார்த்தால் மூத்த மகளுக்குத் தாங்கள் இருக்கும் வீட்டையே கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாவது மகளுக்குப் பக்கத்து வளவு. மூன்றாவதுக்கு எங்கேயாவது கடன்பட்டு ஒரு துண்டு. எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடு இருக்கிறது. ஐந்தில் இருப்பது அக்கா தங்கச்சிமாரும் அவர்களின் பிள்ளைகளும். ஆண்கள் ஐந்து பேரும் வெவ்வேறு ஊர் மாப்பிள்ளைகள். அதில் ஒருவர் இருபத்தி மூன்று வருடமாக இங்கே இருக்கிறார். இன்றைக்கும் அவரை "மகிழூர்க்காரர்" என்றுதான் கூப்பிடுகிறோம்.

அப்போ மட்டக்களப்புப் பெண்களுக்கு அதிகாரம் கூட, இல்லையா?

இதுதான் யாழ்ப்பாணத்துச் சிநேகிதி கேட்டது. அவளின் ஊரில் எங்களைப் பற்றி ஒரு கதை உண்டு: மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று. மந்திரம் செய்து மயக்கிவிடுகிறோமாம். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. அங்கேயிருந்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வந்த பொடியன்கள் இங்கே கலியாணம் கட்டினார்கள், எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். வந்த மகன் திரும்பவில்லை என்ற தாயின் கவலைக்கு மந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கேள்விக்கு வருகிறேன். பாதிதான் உண்மை. சட்டத்தில் எங்கள் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை வடக்குத் தமிழருக்கு உரியது. அதன் கீழ் வருகிற பெண், கலியாணம் கட்டியபின் தன்னுடைய காணியை விற்பதற்குப் புருசனின் சம்மதம் வேண்டும். கிழக்கில் தேசவழமை இல்லை. 1923 இன் சட்டப்படி மனைவி தன் பெயரில் உள்ள சொத்தைத் தானே விற்கலாம், ஈடு வைக்கலாம். இன்னொன்று, குடித்துவிட்டு அடிக்கிற புருசன் என்றால் அவன் அடிப்பது மாமியாரின் கண்முன்னே. பின் வளவிலிருந்து மாமி அகப்பையோடு ஓடிவருவா. புகுந்த வீட்டில் தனியே மாட்டிக்கொண்ட பெண்ணுக்கு இந்தப் பலம் இல்லை.

மற்றப் பாதி இது. கோயிலில் குடிக்காக நிற்கும் வண்ணக்கர் ஆண். பள்ளிவாசலில் குடிக்காக நிற்கும் மரைக்காயர் ஆண். குடி தாய்வழி, கதிரை ஆண்வழி. வீடு பெண்ணுடையது, ஆனால் அந்த வீட்டுக்கு யார் மாப்பிள்ளை என்பதை மாமாவும் அண்ணனும் வெளிவிறாந்தையில் இருந்து பேசி முடிக்கிறார்கள். வீட்டுக்காரி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

வீட்டின் உறுதிப் பத்திரம் யார் பேரில் எழுதவேண்டும்?

இப்போது மாப்பிள்ளை வீட்டார் "இரண்டு பேர் பேரிலும்" என்று கேட்பது கூடிக்கொண்டு வருகிறது. கேட்கலாம். கொடுப்பதா என்பதைப் பெண்ணும் பெற்றோரும்தான் தீர்மானிக்கவேண்டும். எதை எழுதினாலும் நொத்தாரிசிடம், இரண்டு சாட்சி வைத்து எழுதுங்கள். காணி விஷயத்தில் வாய்ப்பேச்சுக்கும் வெறும் கடதாசிக்கும் 1840 முதலே சட்டத்தில் மதிப்பில்லை. பெற்றோர் தங்களுக்குச் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரைக்கும் அனுபவிக்கிற உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவது நல்லது. மகளை நம்பவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மழைக்காலத்தில் பின் வளவுக் கொட்டில் ஒழுகும், அவ்வளவுதான்.

பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணி என்றால் கதை வேறு. அம்பாறையில் குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பின்னுரித்தாளியைப் பதியாமல் பெர்மிட்காரர் இறந்தால், சட்டம் மகனுக்கே முன்னிடம் கொடுத்து வந்தது. தாய்வழிக் குடி பேசுகிற ஊரிலும் அதுதான் நடந்தது. 2022 இல் திருத்தம் வந்து ஆண் பெண் வித்தியாசத்தை எடுத்துவிட்டார்கள். பல குடும்பங்களுக்கு இது இன்னும் தெரியாது.

எனக்கு மூன்று தங்கச்சி. எனக்கென்று நான் எப்ப வாழுறது?

கேட்டவனுக்கு 27 வயது. கட்டாரிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்தான். வகுப்புக்குத் தங்கச்சியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து, கேற்றடியில் நின்றான்.

அவனுடைய வீட்டைப் பிறகு ஒருநாள் பார்த்தேன். மூத்த தங்கச்சியின் வீடு முடிந்துவிட்டது: மூன்று அறை, முன்னுக்கு வளைவு வைத்த விறாந்தை, அற்றாச் பாத்ரூம். அந்த பாத்ரூமின் தரை ஓடுகளை அவன் தோஹாவில் இரவு வேலை முடித்து வந்து, கட்டிலில் படுத்தபடி வட்ஸ்அப் வீடியோவில் தெரிவு செய்தானாம். கடைக்காரர் ஒவ்வொரு ஓடாகத் தூக்கிக் காட்ட, இவன் "அண்ணே, கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டுவாங்க" என்று சொன்னானாம். இரண்டாவது தங்கச்சியின் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. கம்பி எல்லாம் மேலே நீட்டிக்கொண்டு, துருப்பிடித்து, சுவரில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. 2022 இல் சீமெந்து விலை ஏறியபோது நின்ற வேலை. மூன்றாவது தங்கச்சிக்கு அத்திவாரம் வெட்டுவதற்குக் கயிறு கட்டியிருக்கிறார்கள். அந்தக் கயிற்றில் உடுப்புக் காய்கிறது. லீவில் வந்தவன் படுப்பது தாயின் வீட்டு விறாந்தையில், பிளாஸ்ரிக் பாயில்.

இந்த ஏற்பாட்டில் பெண்ணின் சுமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம், அண்ணன்மாரின் சுமையை "கடமை" என்று சொல்லித் தாண்டிவிடுகிறோம். தங்கச்சிமார் கரைசேரும் வரைக்கும் அவன் கலியாணப் பேச்சு எடுக்கக்கூடாது. எடுத்தால் "மாப்பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கு" என்று பெண் வீட்டார் யோசிப்பார்கள். அக்கா தங்கச்சி இல்லாத பொடியனுக்குச் சந்தையில் ஒரு மவுசு இருப்பது அதனால்தான். கடைசியில் அவன் போய்க் குடியேறப்போவதும் இன்னொரு அண்ணன் கட்டாரிலோ குவைத்திலோ உழைத்துக் கட்டிய வீட்டில். அவன் கட்டிய வீட்டில் இன்னொருவன் இருப்பான். ஊரே இப்படிச் சுற்றிச் சுற்றி ஒருவருக்கொருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறது.

அவனுக்கு நான் சொன்னது மூன்று விஷயம். மூன்று அறை வேண்டாம், இரண்டு போதும் என்று தாயிடம் நேரே சொல். வளைவு வைத்த விறாந்தை உன் இரண்டு வருடம். மூன்றாவது தங்கச்சி படிக்கிறாள், அவளிடமே கேள், வீடா படிப்பா முதலில் என்று. உன் பேரில் மாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போடு, அதை வீட்டில் சொல்லாதே. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு ஒரு தாய் என்னோடு கோபித்துக்கொண்டா. பரவாயில்லை.

ஏன் எல்லாரும் அரசாங்க உத்தியோகம் என்றே நிற்கிறாங்க?

வயல் பெரும்போகம், சிறுபோகம் என்று மழையையும் குளத்தையும் பார்த்து நிற்பது. கடலையும் வாவியையும் நம்பினவர்களை 2004 டிசம்பர் 26 ஒரு காலையில் துடைத்துவிட்டது. கடை வைத்தவர்களுக்கு முப்பது வருடச் சண்டையில் எத்தனை தரம் கடை எரிந்தது என்று காத்தான்குடியிலும் கேட்கலாம், செங்கலடியிலும் கேட்கலாம். இந்த எல்லாவற்றுக்குள்ளும் மாதம் முடிய வந்த ஒரே காசு அரசாங்கச் சம்பளம். சண்டை உச்சத்தில் இருந்த நாட்களிலும் ரீச்சர்மாருக்குச் சம்பளம் வந்தது. அதைக் கண்ணால் கண்ட தாய் தகப்பன், மகன் மென்பொருள் எழுதி வீட்டில் இருந்தே உழைக்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். "வேலைக்குப் போகாம வீட்ட இருக்கான்" என்றுதான் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார்கள்.

அதோடு கலியாணச் சந்தை. பத்திரிகையில் மணமகன் தேவை விளம்பரத்தைப் பாருங்கள். "அரச உத்தியோகத்தர் விரும்பத்தக்கது" என்ற வரி இல்லாத விளம்பரத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நியமனக் கடிதம் கிடைத்த கிழமையே தரகர் வந்துவிடுவார். கடிதத்துக்கு முன்னால் டொனேஷன் என்று கேட்ட சீதனக் காசு ஒன்று, பின்னால் கேட்பது இன்னொன்று. முஸ்லிம் ஊர்களில் கைக்கூலி வேண்டாம் என்று பள்ளிவாசல்களில் பயான் நடக்கிறது, பல இளைஞர்கள் காசு வாங்காமலும் கட்டுகிறார்கள். ஆனால் வீடு கைக்கூலிக் கணக்கில் சேராது என்று நினைக்கிறார்கள் போல. அதை யாரும் வேண்டாம் என்பதில்லை.

2017 இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்காவில் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020 இல் நாடு முழுக்கப் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தபோது மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. என்னோடு படித்தவள் ஒருத்தி அப்படிப் போய், ஓர் அலுவலகத்தில் முதல் மூன்று மாதம் கதிரை இல்லாமல், கோப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். அந்த மூன்று மாதத்துக்குள் அவளுக்கு நாலு சம்பந்தம் வந்தது.

அரசாங்க வேலை வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. 30 வயது வரைக்கும் அதை மட்டுமே பார்த்துக்கொண்டு மற்ற எதையும் தொடாமல் இருக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

கம்பஸ் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிஞ்சுதா?

இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. மாவட்டக் கோட்டாவும் சேர்வதால், அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி எங்களுக்குப் பெரும்பாலும் கொழும்பை விடக் குறைவு. அப்படியும் கிடைக்காதவர்கள்தான் அதிகம். தொழில்நுட்பக் கல்லூரி, திறந்த பல்கலைக்கழகம், என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எல்லாம் இருக்கிறது. மின்னிணைப்பு வேலையில் என்விகியூ நாலாம் தரம் வைத்திருக்கும் பொடியன் கதிரையில்லாத பட்டதாரியைவிட நன்றாக உழைக்கிறான். பெண் கேட்டுப் போனால் யாருக்கு மரியாதை என்பது வேறு விஷயம்.

ஹோட்டலில், காமன்ட் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பிள்ளைக்கு மாப்பிள்ளை வராதாமே?

வருகிறது. ஆனால் பேச்சும் சேர்ந்து வருகிறது. சண்டை முடிந்தபின் பாசிக்குடாவில் வரிசையாக ஹோட்டல் வந்தது. முன்மேசையில் ஆங்கிலம் பேசக்கூடிய பெண்பிள்ளை வேண்டும் என்கிறார்கள். கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் அதற்குத் தகுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இரவு வேலை என்றதும் வீட்டில் கதவு சாத்தப்படும். காமன்ட் பஸ் விடிய ஐந்தரைக்குச் சந்தியில் வந்து நிற்கும்போது, பால் எடுக்கப் போகிறவர்கள் எல்லாரும் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். அதே பிள்ளை அந்தச் சம்பளத்தில் வீட்டுக் கூரை போட்டாள் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

அறுகம்பேயில் ஊர்ப் பெண்கள் 2018 இல் அலைச்சறுக்குக் குழு ஒன்று தொடங்கினார்கள், இலங்கையில் பெண்களுக்கென்று அமைந்த முதலாவது அது. முதலில் அங்கேயும் இதே பேச்சுத்தான். கடலுக்குப் போகிறாளாம், கறுத்துப்போவாளாம், கட்ட ஆள் வராதாம். அதில் தாய்மாரும் பலகையோடு தண்ணீரில் இறங்கினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நான் வெளிநாடு போகலாமா? பெண்பிள்ளைக்கு விடமாட்டாங்களாமே.

2022 இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்கென்று பதிந்து போனவர்கள் 3 இலட்சத்து 11 ஆயிரத்துக்கு மேல். நீங்கள் தனியாள் இல்லை. பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று 2013 இல் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் போகமுடியாது என்றார்கள். 2022 இல் அது இரண்டு வயது என்று தளர்த்தப்பட்டது. தகப்பனுக்கு இப்படி ஓர் அறிக்கை ஒருநாளும் கேட்டதில்லை. போகிறதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல், சுற்றுலா விசாவில், ஏஜென்சிக்காரர் சொல்லைக் கேட்டு மட்டும் போகாதீர்கள்.

காதலிக்கிறோம். இப்பதான் தெரியுது, ரெண்டு பேரும் ஒரே குடி. என்ன செய்யுறது?

இந்தக் கேள்வியைக் கேட்டு வெளியூரார் சிரிப்பார்கள், எங்களுக்குச் சிரிப்பு வராது. ஒரே குடி என்றால் அண்ணன் தங்கச்சி முறை. காலிங்கா குடிக்காரன் காலிங்கா குடியில் பெண் எடுக்கமாட்டான், உலகிப்போடி குடிக்காரி உலகிப்போடி குடிக்குள் கட்டமாட்டாள். கம்பஸில் சந்தித்துப் பழகும்போது யார் குடி கேட்கிறார்கள்? வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும், இன்றைக்கு எங்கள் குடிச் சடங்கு என்று ஒருவர் வீட்டில் சொல்ல, எங்களுக்கும் அதுதான் என்று மற்றவர் சொல்ல, அங்கேதான் வெளிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சோடிக்கு அப்படித்தான், ஐஸ்பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடி தெரியவந்தது.

சட்டத்தில் குடி என்று ஒரு தடையும் இல்லை. இரண்டு பேருக்கும் 18 வயது நிரம்பியிருந்தால் பதிவாளரிடம் போகலாம். ஊரில் நடப்பதைச் சொல்கிறேன்: முதலில் ஒரு கிழவியிடம் போவார்கள். கிழவி விரல்மடித்து, ஐந்து தலைமுறைக்குப் பின்னால் போய், "உன்ட பூட்டி தத்து எடுத்த புள்ள மனே, அவ வேற குடி" என்று ஏதாவது வழி கண்டுபிடிப்பா. எல்லாருக்கும் அப்படி ஒரு கிழவி வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்கள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெரும்பாலும் முதல் பிள்ளை பிறந்ததும் தாய் வந்து பார்ப்பா.

சாதியும் இருக்கா?

இருக்கிறது. தரகரின் கொப்பியில் முதல் நிரலே அதுதான். குடியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்கள் சாதியைப் பற்றிக் கேட்டால் "அதெல்லாம் இப்ப யார் பார்க்கிறாங்க" என்பார்கள். மகளுக்குச் சம்பந்தம் வரும்போது அவர்களே பார்ப்பார்கள்.

தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் விரும்பினால்?

2012 குடிசன மதிப்பீட்டில் அம்பாறை மாவட்டச் சனத்தொகை 6 இலட்சத்து 49 ஆயிரம், அதில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் முஸ்லிம்கள். கல்முனையிலிருந்து தெற்கே போகும்போது ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறி மாறி வரும். ஒரே பாஷை, ஒரே தாய்வழிக் குடி முறை, ஒரே சீதன வீடு. மருதமுனைக் கைத்தறிச் சாரனை இரண்டு பக்கத்தாரும் உடுத்துகிறோம். ஆனால் ஒரே பஸ்ஸில் போய் ஒரே கந்தோரில் வேலை செய்கிறவர்கள் பின்னேரம் வெவ்வேறு உலகத்துக்குப் போகிறார்கள். 1990 ஆகஸ்ட் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 ஈஸ்டர் அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, பிள்ளைகளும் செத்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இதில் எதையும் செய்யவில்லை, ஆனால் காதலிக்கும்போது இதெல்லாம் சேர்ந்து வந்து கதவடியில் நிற்கும்.

சட்டப்படி இரண்டு பேரில் ஒருவர் மதம் மாறாவிட்டாலும் பொது விவாகப் பதிவுச் சட்டத்தின் கீழ் கட்டலாம். இரண்டு பேரும் முஸ்லிம் என்றால் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். அதன்படி எழுதும் காவின் என்கிற கலியாணப் பதிவில் மணப்பெண்ணின் கையெழுத்துக்கு இடமே இல்லை என்பதை மாற்றச் சொல்லி முஸ்லிம் பெண்களே பல வருடமாகக் கேட்டுவருகிறார்கள். பதிவு சுலபம். பதிந்தபின் எந்த ஊரில் இருப்பீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். இரண்டு பக்கத்திலும் சீதன வீடு கிடைக்காது. வாடகைக்கு மட்டக்களப்பு ரவுன் அல்லது கொழும்பு.

எழுத்து முடிஞ்சுது, கலியாணம் ஆவணியில். இப்ப எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கச்சி, இதைக் கவனமாக வாசி. எழுத்து என்பது நிச்சயதார்த்தம் மாதிரி என்று நம் சனம் நினைக்கிறது. பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்த அந்த நிமிடமே சட்டப்படி நீ மனைவி. தாலி கட்டாவிட்டாலும் மனைவி. பிரிவதென்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்குத்தான், அதற்கும் சட்டம் ஏற்கிற காரணங்கள் மூன்றே மூன்று: பிறர்மனைத் தொடர்பு, கெட்ட நோக்கோடு கைவிடுதல், ஆரம்பத்திலிருந்தே தாம்பத்தியத்துக்கு முடியாமை. "ஒத்துவரவில்லை" என்பது பட்டியலில் இல்லை. அதனால் இதை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எழுத்துக்கு முதல் நாள் வரைக்கும் எத்தனை தரமும் யோசியுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று என்பது காரணமே இல்லை. மண்டபக்காரர் பாதியைத் திருப்பித் தருவார்.

படுவான்கரை என்று சொல்லக் கூச்சமா இருக்கு. கதைச்சா சிரிக்கிறாங்க.

வாவிக்குக் கிழக்கே சூரியன் எழுகிற எழுவான்கரை, மேற்கே படுகிற படுவான்கரை. இவ்வளவு அழகான பெயரை வைத்துவிட்டு, ஒன்றை ரவுன் என்றும் மற்றதைக் காடு என்றும் ஆக்கிவிட்டோம். நெல் விளைவது அங்கே, பால் வருவது அங்கே, கூத்து நிற்பது அங்கே. ரோட்டும் பள்ளிக்கூடமும் இஞ்சால. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரைக்கும் கொக்கட்டிச்சோலைப் பிள்ளை ரியூசனுக்கு வருவதென்றால் பாதையில் ஏறவேண்டும். ரோட்டு இல்லை, வாவியில் மிதக்கிற பாதை. காற்று அடித்தால் பாதை வராது, ரியூசன் போச்சு. வகுப்புக்குப் பிந்தி வந்து, நனைந்த செருப்போடு பின் வாங்கில் இருந்த பிள்ளைகளை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிந்தியதற்கு அவர்களிடம் காரணம் கேட்டோம். வாவியிடம் கேட்கவில்லை.

பேச்சைப் பற்றி. கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சையில் நானே "மறுகா" என்று சொல்லி, எதிரே இருந்தவர் என்ன என்று கேட்க, "பிறகு" என்று திருத்தினேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது. கிறுகு, மறுகா, ஓம்கா என்கிற இந்தப் பேச்சைத்தான் கமில் சுவெலபில் என்ற செக் நாட்டுத் தமிழறிஞர் பேச்சுத் தமிழ் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று எழுதினார். அதைச் சொன்னால் சிரிக்கிறவன் நிறுத்தப்போவதில்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

நான் மற்றப் பொடியன்கள் மாதிரி இல்லை. யாரிடம் சொல்வது?

வட்ஸ்அப்பில், புது இலக்கத்திலிருந்து வரும் கேள்வி இது. பெயர் இருக்காது. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் 1883 இல் வைத்துவிட்டுப் போனவை, இன்னும் இருக்கின்றன. அவற்றை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 இல் சொன்னது. பிறக்கும்போது எழுதிய பால் தனக்கு உரியதில்லை என்று உணர்கிறவர்கள் 2016 சுற்றறிக்கையின்படி மனநல வைத்தியர் ஊடாகப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, அடையாள அட்டையை மாற்றலாம். வீட்டில் சொல்வதற்கு அவசரப்படாதே. முதலில் உன் காலில் நில், உழைப்பு ஒன்றைத் தேடு. மனம் தாங்காத இரவில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடு, தமிழிலும் பேசலாம்.

அவனிடம் என்ட போட்டோ இருக்கு, போடுவேன் என்று மிரட்டுறான்.

காசு கொடுக்காதே. செய்திகளை அழிக்காதே. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வை. பெண்கள் உதவி இலக்கம் 1938. தாயிடம் சொல்ல முடியாவிட்டால் மாமியிடம் சொல். மாமிமார் இப்படியான நேரத்தில் பெரும்பாலும் தாயைவிட நிதானம்.

மிஸ், நீங்க ஏன் இன்னும் கலியாணம் கட்டல்ல?

ஒவ்வொரு வகுப்பிலும் ஒருத்தியாவது கேட்பாள். எனக்கு 34. எனக்கும் வீடு இருக்கிறது, அண்ணன் கட்டியது, ஒன்பது வருடமாகிறது. முன்னறையை அம்மா பூட்டி வைத்திருந்தா. கட்டில் மெத்தையில் பொலித்தீன் உறையும் கழற்றவில்லை. மாப்பிள்ளை வந்தபின் திறக்கிற அறை. நான் பின்னறையில், தையல் மெசினுக்குப் பக்கத்தில் படுத்தேன்.

போன மாதம் சாவியை வாங்கித் திறந்து, ஜன்னலடியில் என் மேசையைப் போட்டேன். இந்தப் பதில்களை அதில் இருந்துதான் எழுதுகிறேன். அம்மா கதவடியில் நின்று பார்த்துவிட்டு அண்ணனுக்கு அழைப்பு எடுத்தா. அண்ணன் வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். மேசை நின்றால் அலுமாரிக்கு இடம் காணாதே என்றார், அளவு கேட்டார். அளந்து அனுப்பினேன்: பத்தடிக்குப் பன்னிரண்டு.